நிச்சயத்துக்கு முன்னாடி எதை, எப்போ, யாரு கேக்கணும்? செட்டிநாட்டுப் பக்கம் வரன் பாக்குறவங்களுக்கு

கீழப்பத்தூரான் (இழையைத் தொடங்கியவர்)

வரன் பாக்குற வீடுகள்ல ஜாதகம், கோயில், ஊரு மூணும் சரியா வந்துட்டா "பேசி முடிச்சிருவோம்"னு அவசரப்படுறாங்க. கடன், வியாதி, தனிக்குடித்தனம் எல்லாம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்ததுக்கு அப்புறம்தான் வெளியில வருது. அப்ப கேட்டா கேள்வியாத் தெரியாது, குத்தம் சொல்ற மாதிரி ஆயிருது. அதனால ஒரு வரிசை வேணும். முதல்ல எது, அப்புறம் எது, எந்த இடத்துல நிறுத்தணும்? விஷயம் தெரிஞ்சவங்க எழுதுங்க. சொந்தக்கதை வேண்டாம், செய்முறை மட்டும்.

முகப்புத்திண்ணை

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுன்னா முதல் சல்லடை கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டின்னு ஒன்பது. ஒரே கோயில்னா பங்காளி, பேச்சே கிடையாது. இது எல்லாருக்கும் தெரியும். தப்பு நடக்குறது மூணு இடத்துல.

ஒண்ணு, இரணியூரும் பிள்ளையார்பட்டியும். பேரு ரெண்டா இருந்தாலும் சகோதர முறை, கொள்வினை கொடுப்பினை இல்லை. வெளியூர்லயே வளந்த பிள்ளைகளுக்கு இது தெரியுறதில்லை. ரெண்டு, பிரிவு. இளையாத்தங்குடிக்கு 7, மாத்தூருக்கு 7, வைரவன்கோயிலுக்கு 3 பிரிவு உண்டு. சில பிரிவுகளுக்குள்ள சம்பந்தம் செய்யலாம், சிலதுக்குள்ள கூடாது. "மாத்தூர்"னு மட்டும் எழுதியிருக்குற வரன் குறிப்பை அரைகுறைன்னு வச்சுக்கங்க. பிரிவைக் கேட்டு, சந்தேகம்னா கோயில்லயே விசாரிச்சிருங்க. மூணு, சுவீகாரம். பையனோ, பையனோட அப்பாவோ சுவீகாரம் வந்தவங்கன்னா, வந்த வீட்டு முறையோட பிறந்த வீட்டு முறையையும் பாக்கணும்.

கடைசியில கல்யாணத்துக்கு அவங்கவங்க கோயில்ல இருந்து மாலை வரணும்ல? அந்த நேரத்துல சிக்கினா ஊர் முழுக்கத் தெரிஞ்சுரும். கோயில், பிரிவு, ஊர், விலாசம் (பேருக்கு முன்னாடி வர்ற எழுத்துக) நாலையும் முதல் போன்லயே கேட்டு எழுதிக்கங்க. விலாசத்தை இனிஷியல்தானேன்னு விட்டுறாதீங்க. ஒரே ஊர்ல ஒரே பேர்ல நாலு பேர் இருக்கும்போது எந்த வீடுன்னு காட்டுறது அதுதான்.

வாக்கியமா_திருக்கணிதமா

ஜாதகத்துல நடக்குற பெரிய குளறுபடி பொருத்தத்துல இல்லை, கணக்குல. ஒரு வீட்டு ஜாதகம் பழைய வாய்பாட்டுல போடுற வாக்கியப் பஞ்சாங்கப்படி, இன்னொரு வீட்டுது செயலியில எடுத்த, வானியல் கணக்குல போடுற திருக்கணிதம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா பொருத்தம் எப்படி நிக்கும்? சனிப்பெயர்ச்சியையே ஒருத்தர் 2025-ன்னாங்க, இன்னொருத்தர் 2026-ன்னாங்க. நட்சத்திரம் மாறுற எல்லையில பிறந்தவங்களுக்கு நட்சத்திரமே மாறிப் போகும். நட்சத்திரம் மாறினா ரஜ்ஜு (தாலி பாக்கியத்துக்குப் பாக்குற பொருத்தம்) மாறும், கணம் மாறும், ஆரம்ப தசை மாறும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டுல இருந்து எடுங்க, "விடியக்காலம் இருக்கும்"னு அப்பத்தா சொன்னதை வச்சு வேண்டாம். ரெண்டு ஜாதகத்தையும் ஒரே பஞ்சாங்கத்துல புதுசாப் போட்டு, ஒரே ஜோசியர்கிட்ட கொடுங்க. பத்துல எத்தனைன்னு எண்ணாதீங்க. ஏழு பொருந்தியும் ரஜ்ஜு தட்டினா பாக்குறவங்க வேண்டாம்னுதான் சொல்வாங்க. உதாரணம், சித்திரைப் பொண்ணு அவிட்டம் பையன். ரெண்டும் ஒரே சிரசு ரஜ்ஜு, அதான் தட்டுது. ரஜ்ஜு முக்கியம்னு நினைக்கிற வீடுன்னா அதை முதல்லயே பாத்து முடிச்சிருங்க. பொண்ணு பாத்து, பலகாரம் சாப்பிட்டு, பிள்ளைகளுக்கும் பிடிச்சுப்போனதுக்கு அப்புறம் "ரஜ்ஜு தட்டுது"ன்னு சொல்றது பாவம்.

ஜோசியம் தொழிலா இருந்தும் ஒண்ணு சொல்றேன். குணம், கடன், குடி இதெல்லாம் கட்டத்துல தேடுற விஷயம் இல்லை. ஆள் விட்டு விசாரிக்கணும்.

லேப்_மேசை

ஜாதகத்தோட ரத்தமும் போகணும். அதுவும் அயித்தை மகன், அம்மான் மகள்னு உறவுக்குள்ள செய்யுற இடத்துல கண்டிப்பா. அயித்தை மகன், அம்மான் மகளுக்குள்ள எட்டுல ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனைக் கட்டினா நாலுல ஒரு பங்கு. பொதுவா எந்தத் தம்பதிக்கும் பிறவிக்குறை வர்றதுக்கு 2 முதல் 3 சதவீதம் வாய்ப்பு உண்டுன்னா, அத்தை மாமன் மக்களுக்குள்ள அதோட இன்னும் 2, 3 சேரும். பயமுறுத்தலை. பெரும்பாலான குழந்தைங்க நல்லாவே பிறக்குறாங்க. ஆனா குடும்பத்துல காது கேக்காத குழந்தை, சின்ன வயசுலயே தவறிப்போன குழந்தைன்னு ஒரு வரலாறு இருந்தா மரபணு ஆலோசகரைப் பாக்காமப் போகாதீங்க.

எடுக்க வேண்டியது:

ரத்த எண்ணிக்கை முழுசா, அதுல எம்.சி.வி. (சிவப்பணுவோட சராசரி அளவு) எவ்வளவுன்னு பாக்கணும். அதோட எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிச்சு அளக்குற) முறையில ஹீமோகுளோபின் ஏ2. ஏ2 3.5 சதவீதத்துக்கு மேல போனா பீட்டா தலசீமியாங்கற பரம்பரை ரத்தக்குறைபாட்டைப் பிள்ளைகளுக்குக் கடத்துறவங்களா, அதாவது கடத்தியா இருக்கலாம். கடத்திக்கு வியாதி கிடையாது, வாழ்நாள் பூரா நல்லா இருப்பாங்க. ரெண்டு பேரும் கடத்தின்னாதான் சிக்கல், ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்குத் தீவிர தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு.

ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துல காசு இல்லை. அவங்கவங்க சம்மதத்தோடதான் எடுப்பாங்க. முடிவும் அவங்க கைக்குத்தான் போகும், சம்பந்தி கைக்குப் போகாது.

ரத்த வகையைப் பாத்து வரனைத் தட்டாதீங்க. பொண்ணு நெகட்டிவ், பையன் பாசிட்டிவ்னா கர்ப்பத்துல 28-வது வாரம் ஒரு ஆன்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவ்னா பிரசவம் ஆகி 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. அவ்வளவுதான். இதுக்காக நல்ல சம்பந்தத்தை விடுறவங்க இன்னமும் இருக்காங்க.

தேக்குத்தூண்

எல்லாம் சரி. "ரத்தம் எடுங்க"ன்னு இந்தப் பக்கம் போய்ச் சொல்லிப் பாருங்க. "எங்க பிள்ளைக்கு என்ன குறைன்னு நினைச்சீக?"ன்னு அந்த நிமிஷமே காபி டம்ளரை எடுத்துருவாக. கேக்கவே முடியாததை வரிசையில போட்டு என்ன பிரயோசனம்?

இரண்டாங்கட்டு_ஆச்சி

தூண் தம்பி, கேட்டாத்தான் அப்படி. கொடுத்தா அப்படி ஆகாது. ஜாதகம் அனுப்புற அதே கவர்ல நம்ம பிள்ளையோட ரத்த ரிப்போர்ட்டையும் வச்சு அனுப்புங்க. "நாங்க எடுத்துட்டோம், டாக்டர் ரெண்டு பேருக்கும் சேத்துப் பாத்தாத்தான் அர்த்தம்னு சொன்னாரு"ன்னு ஒரு வரி. அதுக்கு மேல பேசாதீங்க. ஒரு பக்கம் வந்துட்டா மறுபக்கம் வராம இருக்குறது கஷ்டம். வரவே இல்லைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

சம்பளம், கடன் எல்லாத்துக்கும் இதே வழி. முதல்ல நம்ம தாளு, அப்புறம் அவுக தாளு. பெரியவுக பெரியவுககிட்ட கொடுக்கணும், பொண்ணு நேரா பையன்கிட்ட சம்பளச் சீட்டு கேக்க வைக்காதீங்க.

சிட்டை

கடனை எப்படிப் பாக்குறதுன்னு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறேன். "மாசம் எழுபதாயிரம்"னு சொல்றாங்க. கைக்கு வர்றதா, பிடித்தத்துக்கு முன்னாடியான்னு முதல்ல கேளுங்க. கைக்கே 70,000-ன்னு வையுங்க. வீட்டுக்கடன் தவணை 18,000, கார் 9,000, தனிநபர் கடன் 6,000. ஆக 33,000, கிட்டத்தட்ட பாதி. மீதி 37,000. அப்பா அம்மாவுக்கு 10,000 அனுப்பினா 27,000. சென்னையில வாடகை 15,000 போக நிக்கிறது 12,000. அதுலதான் ரெண்டு பேர் சாப்பாடு, பெட்ரோல், மருந்து, ஊருக்கு வந்து போறது. இந்தப் பையன் கெட்டவன் இல்லை. ஆனா பொண்ணு வேலையை விட்டா இந்த வீடு ஓடாது. அதைப் பேசாமலே "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகணும்னு அவசியமில்லை"ன்னு பெருந்தன்மையாச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் பின்னாடி வெடிக்கும்.

தவணைக் கணக்குல வராத ரெண்டு கடன் உண்டு. ஒண்ணு நகைக்கடன். மாசத் தவணை இல்லாம வருஷம் ஒருக்கா வட்டி கட்டித் திருப்பி வைக்கிறது, சம்பளக் கணக்குல தெரியாது. இன்னொண்ணு ஜாமீன் கையெழுத்து. மச்சானுக்கு, கூட்டாளிக்குன்னு போட்டது. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரர் பொறுப்பு கடன் வாங்கினவர் பொறுப்புக்குச் சமம். அவர் கட்டலைன்னா நேரா இவர்கிட்ட வரலாம். வங்கி, நிதி நிறுவனத்துல வாங்கியிருந்தா இந்த ரெண்டுமே சிபில் அறிக்கையில (கடன் வரலாற்று அறிக்கை) வரும். வருஷம் ஒரு அறிக்கை இலவசம். ஆளுக்கு ஒண்ணு எடுத்து மாத்திக்கலாம். கைமாத்து, வட்டிக்கடைக் கணக்கு மட்டும் அதுல வராது, விசாரிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் "ஊர்ல பெரிய வீடு இருக்கு". எத்தனை புள்ளிக்கு (கல்யாணமான குடும்பத்துக்கு) பங்கு? முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். பங்கைக் கேட்டா இருபத்துநாலுல ஒண்ணா இருக்கும். அது சொத்துங்கறதை விட செலவு. ஓடு மாத்த, வெள்ளையடிக்கன்னு பங்குப்படி கேட்டு வருவாங்க. விக்கணும்னா அத்தனை பங்காளியும் கையெழுத்துப் போடணும்.

முகப்புத்திண்ணை

சிட்டை தம்பி பங்கைச் சொல்லிட்டாரு. அதோட ஒட்டின ஒண்ணு: வேறு வைக்கிறது. நம்ம வழக்கத்துல கல்யாணம் ஆன பிள்ளை ஒரு புள்ளி. ஒரே வளவு வீட்டுல இருந்தாலும் அவுகளுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு. அந்தக் காலத்துல வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய்னு அளந்து கொடுத்து வேறு வச்சாக. மாமியார் மருமக சண்டையில பாதி அடுப்புலதான் ஆரம்பிக்கும்னு தெரிஞ்சு செஞ்ச ஏற்பாடு.

இப்ப அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் அந்தப் பழக்கத்தை விட்டுட்டு, "எல்லாரும் ஒண்ணாத்தான் இருப்போம்"னு பேசுறாக. இருக்கட்டும். ஆனா கேளுங்க: வேறு எப்ப வைப்பீக? ஒரே வீடுன்னா மளிகை யார் காசுல? பொண்ணு சம்பளம் யார் கணக்குல விழும்? பையன் வெளிநாட்டுல இருந்து, பொண்ணு விசா வர்ற வரைக்கும் மாமியார் வீட்டுல இருக்கணும்னா எத்தனை மாசம்? "பாத்துக்கலாம்"ங்கறது பதில் இல்லை, அப்பச்சி. மாசத்தைச் சொல்லணும்.

கல்லல்_சிங்கை

வெளிநாட்டு வரன்னா விசாத் தாளைப் பாக்காம ஒண்ணும் முடிக்காதீங்க. சிங்கப்பூருக்கு மட்டும் சொல்றேன். மனைவியை, சார்ந்தோர் அனுமதிங்கற குடும்ப விசாவுல கூட்டிட்டு வர, பையனுக்கு நிலையான மாதச் சம்பளம் குறைஞ்சது 6,000 வெள்ளி இருக்கணும். "கூட்டிட்டுப் போயிருவோம்"னு சொல்றவர் சம்பளம் 4,500 வெள்ளின்னா கூட்டிட்டுப் போக முடியாது, அவ்வளவுதான். 2021 மே மாசத்துக்கு அப்புறம் அந்த அனுமதியில போற பொண்ணு வேலை பாக்கணும்னா பெரும்பாலும் தனியா வேலை அனுமதி வாங்கித்தான் ஆகணும். இங்க நல்ல வேலையில இருக்குற பொண்ணு அங்க போய் வீட்டுல உக்காந்திருக்க வேண்டியிருக்கும்னா அதை நிச்சயத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிருங்க. கேட்டு வாங்க வேண்டியது மூணு: பாஸ்போர்ட் நகல், வேலை அனுமதி அட்டை, கடைசி மூணு மாசச் சம்பளச் சீட்டு.

இரண்டாங்கட்டு_ஆச்சி

இப்ப பிள்ளைக ரெண்டும் பேசுற விஷயம். பட்டாலையில எல்லாரும் உக்காந்திருக்க, "போய்ப் பேசிட்டு வாங்க"ன்னு பத்து நிமிஷம் அனுப்புறதுக்குப் பேரு பேச்சு இல்லை. பொண்ணு மாடிப்படியில வளையலை உருட்டிக்கிட்டு நிக்கும், பையன் தரையில ஆத்தங்குடிக் கல்லுல பூவை எண்ணுவான். குறைஞ்சது மூணு தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம். ஒண்ணு வீட்டுல, ஒண்ணு பிள்ளையார்பட்டி மாதிரி கோயில்ல, ஒண்ணு ஓட்டல்ல. ஓட்டல் எதுக்குன்னா, சாப்பாடு கொண்டு வர்ற சர்வர் தாமசப்படுத்தினா மாப்பிள்ளை என்ன குரல்ல பேசுறாருன்னு அங்கதான் தெரியும்.

கேக்குற விதம் முக்கியம். "கோவம் வருமா?"ன்னா எல்லாரும் "வராது"தான். "கடைசியா யார்கிட்ட கோவப்பட்டீங்க, அப்புறம் எப்படிச் சரியாச்சு?"ன்னு கேளுங்க. "சமைப்பீங்களா?"ன்னு கேக்காம "அம்மா ஊருக்குப் போனா ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"ன்னு கேளுங்க. "குடிப்பீங்களா?"ன்னு கேக்குறதை விட "மாசத்துக்கு எத்தனை தடவை?"ன்னு சாதாரணமாக் கேட்டா உண்மை கொஞ்சம் வரும். நடந்ததைக் கேட்டா ஆளு தெரியும். நினைப்பைக் கேட்டா மனப்பாடம்தான் வரும்.

கட்டாயம் பேச வேண்டியது: குழந்தை எப்ப, வேண்டாம்னு எண்ணம் இருக்கா. எந்த ஊர்ல குடித்தனம். பொண்ணு தன் அப்பா அம்மாவுக்குப் பணம் கொடுக்கலாமா, எவ்வளவு. ஆம்பளப் பிள்ளை இல்லாத வீட்டுப் பொண்ணுன்னா இதுதான் முதல் கேள்வி. சைவமா அசைவமா, வீட்டுக்குள்ள சமைக்கலாமா. தினமும் மாத்திரை சாப்பிடுறாங்களா, எதுக்கு. மனசுக்குச் சாப்பிடுற மாத்திரையையும் சேத்துத்தான். சாப்பிட்டுச் சரியா இருக்குறவுக ஆயிரம் பேரு. மறைச்சுக் கல்யாணம் பண்ணி, மாத்திரையையும் நிறுத்திட்டு வந்தாத்தான் ஆபத்து.

இன்னொண்ணு, பொண்ணையும் பையனையும் தனித்தனியா உக்கார வச்சு "உனக்குச் சம்மதமா?"ன்னு அம்மா கேக்கக் கூடாது. அம்மாகிட்ட "இல்லை"ன்னு சொல்ல முடியாத பிள்ளை நிறைய. அயித்தையோ அண்ணமிண்டியோ (அண்ணன் மனைவி) கேக்கட்டும்.

பத்திரம்_65

சட்டப்பக்கம் சுருக்கமா. மேலே ஆச்சி சொன்ன "மறைச்சு" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எடை உண்டு. 1955 இந்துத் திருமணச் சட்டம் 12-வது பிரிவின்படி முக்கியமான விஷயத்தை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். மோசடி தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்தால் வழக்கு நிற்காது. "பிடிக்கலைன்னா பிரிஞ்சுக்கலாம்" என்பவர்களுக்கு: அசாதாரணக் கஷ்டம் என்று நீதிமன்றம் அனுமதித்தால் ஒழிய, திருமணமான ஒரு வருடத்துக்குள் விவாகரத்து மனுவே போட முடியாது.

இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தம்) எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு, அதனால் பதிவு வேண்டாம் என்பது தவறு. தமிழ்நாடு 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், விட்டால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு. விசாவுக்கு இந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள்.

சீர் பற்றி. பேச்சில் "எவ்வளவு செய்வீக?" என்று பையன் வீட்டார் கேட்பதே 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். கொடுப்பதும் வாங்குவதும் அதைவிடப் பெரிய குற்றம், குறைந்தபட்சத் தண்டனை 5 வருடம். கேட்காமல் விரும்பித் தரும் அன்பளிப்புக்கு 1985 விதிகளின்படி பட்டியல் எழுத வேண்டும்: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. பெண்ணுக்கு வந்தது ஒரு பட்டியல், பையனுக்கு வந்தது இன்னொன்று. மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெண்ணின் பட்டியல் பெண்ணிடம்தான் இருக்க வேண்டும்.

சிட்டை

பத்திரம் அண்ணன் சொன்ன பட்டியலுக்கு நம்ம ஊர்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கு, முறைச்சிட்டை. அதையே கொஞ்சம் துல்லியமா எழுதினாப் போதும். "அட்டிகை ஒண்ணு"ன்னு எழுதாதீங்க. "அட்டிகை 1, மொத்த எடை 42.300 கிராம், கல் நீக்கி 38.100, 916, முத்திரை எண், கொடுத்தவர் பெண்ணின் அம்மான்"னு எழுதுங்க. பவுன்ல எழுதுறதா இருந்தாலும் பக்கத்துல கிராம் போடுங்க, பவுனுக்கு 8 கிராம். புது நகையில ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த முத்திரை எண் இருக்கும். பாட்டி நகையில இருக்காது, அதுக்கு எடையும் போட்டோவும். வைரத்துக்கு எத்தனை கல், மொத்தம் எத்தனை கேரட். கழுத்திருங்கற நம்ம தாலி நகைக்கு உருப்படி ஒவ்வொண்ணையும் எண்ணி எழுதணும், ஒண்ணு குறைஞ்சாலும் பின்னாடி பேச்சுத்தான்.

மாமியார் சாமான் (மாமியாருக்குன்னு கொடுக்குறது) எந்தப் பட்டியல்னு தகராறு வரும். அது பொண்ணுக்குக் கொடுத்தது இல்லை, தனித்தாள்ல எழுதிருங்க. வெள்ளி, எவர்சில்வர், பித்தளையெல்லாம் பரப்பி வச்சிருக்கும்போதே போட்டோ எடுத்தா வேலை மிச்சம்.

தேக்குத்தூண்

சரி, தோத்தேன். ஆனா இத்தனையும் எத்தனை நாள்ல முடியும்? ஐப்பசியில பாத்து தையில கல்யாணம்னு நிக்கிறவுகளுக்கு?

இரண்டாங்கட்டு_ஆச்சி

ஆறு வாரம் போதும். முதல் வாரம் கோயிலும் ஜாதகமும். ரெண்டாவது வாரம் ரத்த ரிப்போர்ட், சம்பளத் தாளு, விசா. இதுல ஏதாவது இடிச்சா அங்கயே நிறுத்திருங்க, பொண்ணு பாக்குற வரைக்கும் இழுக்காதீங்க. அப்புறம் மூணு வாரம் பிள்ளைக பேசட்டும். ஆறாவது வாரம் பெரியவுக உக்காந்து குடித்தனம் எங்க, வேறு எப்பன்னு முடிக்கணும். மண்டப அட்வான்ஸ் அதுக்கு அப்புறம்தான். நல்ல மண்டபம் போயிரும்னு அவசரப்பட்டா, போகட்டும். வளவுல பந்தல் போட்டுச் செய்யலாம்.

கீழப்பத்தூரான்

எல்லாருக்கும் நன்றி. லேப்_மேசை அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம். உறவுல பேசுற இடம். பொண்ணோட ஏ2 3.2, எம்.சி.வி. 68, ஹீமோகுளோபின் 9.4-ன்னு ரிப்போர்ட் இருந்தா "3.5-க்குக் கீழதானே"ன்னு விட்டுறலாமா?

லேப்_மேசை

விடக் கூடாது. இரும்புச்சத்து குறைவா இருந்தா ஏ2 உண்மை அளவை விடக் குறைச்சுக் காட்டும். கடத்தியா இருந்தாலும் மறைஞ்சு போகலாம். ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சேமிப்பு) பாத்து, குறைவுன்னா டாக்டர் சொல்றபடி இரும்பு மாத்திரை ரெண்டு மூணு மாசம் சாப்பிட்டுட்டு ஏ2 திரும்ப எடுக்கணும். அவ்வளவு நாள் இல்லைன்னா குறுக்கு வழி இருக்கு: பையனுக்கு எடுங்க. அவருக்கு ரத்த எண்ணிக்கை, ஏ2 ரெண்டும் சரியா இருந்தா, பொண்ணு கடத்தியா இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தீவிர தலசீமியா வரும்னு பயப்பட வேண்டியதில்லை, பேச்சை மேல கொண்டு போகலாம். அவருக்கும் எம்.சி.வி. 80-க்குக் கீழ இருந்தா நிச்சயத் தேதியைத் தள்ளி வச்சுட்டு ரெண்டு பேரும் ரத்தவியல் டாக்டரைப் பாருங்க. எது எப்படி இருந்தாலும் 9.4-க்கு வைத்தியம் இன்னைக்கே ஆரம்பிக்கணும்.